டாலர் பிறந்த பள்ளத்தாக்கு

சில நாட்களுக்கு முன் வகுப்பில் நாணயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ரூபாய் என்னும் சொல்லுக்கு அடிப்படை வெள்ளி என்றும், பவுன் என்பது ஒரு நிறையின் பெயர் என்றும் சொன்னேன். கடைசி பெஞ்சியிலிருந்த ஒரு பையன் எழுந்து, "அப்படியானால் டாலர் என்பதற்கு என்ன அர்த்தம், ஸார்?" என்று கேட்டான். "பள்ளத்தாக்கிலிருந்து வந்தது என்று அர்த்தம்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். வேடிக்கை அன்று, உண்மைதான். அந்தப் பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது, அதில் வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதையெல்லாம் மணி அடிப்பதற்குள் சொல்லி முடிக்க இயலவில்லை. அன்று விட்டதை இங்கே எழுதுகிறேன்.

செக் நாட்டின் வடமேற்கு எல்லையில், ஜெர்மனியின் ஸாக்ஸனி மாகாணத்தை ஒட்டி, ஒரு மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. ஜெர்மானியர் அதற்கு இட்டிருக்கும் பெயருக்குத் தாதுமலை என்று பொருள். அதன் தென்புறச் சரிவில், ஊசியிலைக் காடுகளுக்கு நடுவே, குறுகலான ஒரு பள்ளத்தாக்கில் யாகிமோவ் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊர் என்றால் பெரும்பாலும் ஒரே தெருதான். மலை இருபுறமும் நெருக்குவதால் அகலத்தில் வளர வழியில்லாமல் நீளத்திலேயே வளர்ந்த ஊர். உலகப் புகழ் பெற்ற கார்லோவி வாரி என்னும் ஊற்று நீராட்டு நகரம் அங்கிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு மைல். யாகிமோவின் இன்றைய ஜனத்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. நம் பக்கத்தில் ஒரு பெரிய கிராமத்தில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஆயினும் 1530-களில் இங்கே சுமார் 18,000 ஜனங்கள் வாழ்ந்தார்கள். பொஹீமியா ராஜ்யத்தில் பிராக் நகரத்துக்கு அடுத்தபடி பெரிய நகரம் இதுதான்.

அத்தனை பேரையும் அங்கே இழுத்து வந்தது வெள்ளி. 1516-ம் வருஷத்தில் ஸ்டெபான் ஷ்லிக் என்னும் பிரபு, காட்டுக்கு நடுவே பாழடைந்து கிடந்த ஒரு குக்கிராமத்தின் அருகில் சுரங்கம் வெட்டத் தொடங்கினார். வெள்ளி கிடைத்த செய்தி மலைக்கு அப்பால் பரவியதும், ஸாக்ஸனியிலிருந்து சுரங்கத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்து குவிந்தனர். மலையின் மறுபுறத்தில் புனித அன்னாளின் பெயரால் அன்னாபெர்க் என்னும் சுரங்க நகரம் ஏற்கெனவே இருந்தது. மனைவியின் பெயரால் ஓர் ஊர் இருந்தால் கணவனுக்கும் ஒன்று வேண்டாமா? அன்னாளின் கணவரும் மரியம்மையின் தந்தையுமான புனித யோவாகிமின் பெயரை இந்தப் பள்ளத்தாக்குக்கு வைத்தார்கள். ஜெர்மன் பாஷையில் தால் என்றால் பள்ளத்தாக்கு. ஊரின் பெயர் யோவாகிம்ஸ்தால் ஆயிற்று. சில வருஷங்களில் மரியம்மைக்கும் மரியன்பெர்க் என்று ஒரு நகரம் ஏற்பட்டு, அந்தக் குடும்பம் முழுவதும் தாதுமலையில் குடியேறிவிட்டது.

வெள்ளியைக் கட்டிகளாக விற்பதைவிட நாணயமாக அடித்து விற்றால் லாபம் அதிகம் என்று ஷ்லிக் பிரபு கண்டுகொண்டார். 1520-ல் பொஹீமியாவின் பிரபுக்கள் சபை அதற்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பே அவர் அடிக்கத் தொடங்கிவிட்டார் என்றும் சொல்லுகிறார்கள். பிரபுக்கள் அனுமதிக்காகக் காத்திருந்ததாகச் சரித்திரத்தில் அதிகம் காணோம். ஒரு பக்கத்தில் புனித யோவாகிமின் உருவமும், மறுபக்கத்தில் பொஹீமியாவின் சிங்கமும், அரசன் லூயியின் பெயரும் பொறித்த பெரிய வெள்ளி நாணயம் அது. நிறை ஏறக்குறைய 29 கிராம். நம் பாட்டனார் காலத்து வெள்ளி ரூபாயைப்போல் இரண்டரை மடங்கு. மாற்றுக் குறையாத வெள்ளி. தங்கக் காசு கைக்கு எட்டாத வியாபாரிக்கும், சில்லறைக் காசை மூட்டையாகச் சுமந்து அலுத்தவனுக்கும் இது வரப்பிரசாதமாய் இருந்தது. யோவாகிம்ஸ்தாலர் என்று ஜனங்கள் அதை அழைத்தார்கள். அத்தனை நீளமான பெயரைச் சந்தையில் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? தலையை வெட்டிவிட்டுத் தாலர் என்றார்கள். ஹாலந்துக்காரர் வாயில் அது டால்டர் ஆயிற்று. ஸ்வீடனில் டாலெர் ஆயிற்று. இத்தாலியில் தால்லெரோ ஆயிற்று. ஆங்கிலேயர் அதை டாலர் என்று மாற்றி, ஸ்பெயின் தேசத்தின் பெரிய வெள்ளி நாணயத்துக்கும் அதே பெயரை வழங்கினார்கள். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் புழங்கியது அந்த ஸ்பானிய டாலரே. சுதந்திரம் பெற்ற அமெரிக்கா 1792-ல் நாணயச் சட்டம் செய்தபோது, பழகிய பெயரையே தன் நாணயத்துக்கும் வைத்துக்கொண்டது.

இந்தச் சொல் நம் பக்கமும் வராமல் இல்லை. ஆஸ்திரியாவின் மரியா தெரேஸா மகாராணியின் உருவம் பொறித்த தாலர், அவள் இறந்த 1780-ம் வருஷத்தையே என்றைக்கும் தாங்கிக்கொண்டு, அரபு நாடுகளிலும் அபிஸீனியாவிலும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் செலாவணியாயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1940, 1941 வருஷங்களில், பம்பாய் நாணயச் சாலையிலும் அதை அடித்தார்கள்.

பெயர் உலகைச் சுற்றியது; ஊருக்கு என்ன ஆயிற்று? 1526-ல் மொஹாக்ஸ் போர்க்களத்தில் துருக்கியரை எதிர்த்துப் போன அரசன் லூயியும், அவனுடன் சென்ற ஸ்டெபான் ஷ்லிக்கும் திரும்பி வரவில்லை. நாணயத்தில் பெயர் பொறித்தவனும் அடித்தவனும் ஒரே நாளில் போயினர். அடுத்து அரசுரிமை பெற்ற ஹாப்ஸ்பர்க் வம்சத்து பெர்டினாண்டு, 1528-ல் நாணயம் அடிக்கும் உரிமையை ஷ்லிக் குடும்பத்திடமிருந்து பறித்துக்கொண்டான். பிறகு சுரங்கங்களும் அரசனிடம் போயின. சுரங்கத்தில் இறங்கி வெட்டியவர்களின் நிலையோ முதலிலிருந்தே நன்றாயில்லை. 1525-லேயே அவர்கள் கலகம் செய்து நகர மண்டபத்தைத் தாக்கினார்கள். அந்த நாட்களில் பேசப்படுவது ஷ்லிக் பிரபுவின் செல்வமேயன்றி அவர்களுடைய கூலி அன்று.

அந்த நல்ல காலத்தில் ஊரில் கல்வி தழைத்திருந்தது என்பதை ஓர் ஆசிரியன் சொல்லாமல் விட முடியாது. 1527-ல் கியோர்கியஸ் அக்ரிகோலா என்னும் இளம் வைத்தியர் இங்கே நகர வைத்தியராக வந்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிகுந்த நேரமெல்லாம் சுரங்கங்களிலும் உலைக்களங்களிலும் கழித்தார். கற்றறிந்தவர்கள் லத்தீன் ஏடுகளில் தேடியதை அவர் கை காய்த்த தொழிலாளரிடம் கேட்டறிந்தார். மூன்று நான்கு வருஷங்கள்தான் அவர் இங்கிருந்தார். இங்கே பெற்ற அறிவின்மேல் எழுந்ததே, அவர் மறைந்த மறு வருஷம், 1556-ல், வெளியான உலோகங்களைப் பற்றிய பெருநூல். இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவின் சுரங்கத் தொழிலுக்கு அதுவே வேதமாயிருந்தது. 1912-ல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள், சுரங்க எஞ்சினீயரான ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவியும். அந்த ஹூவரே பின்னால் டாலர் தேசத்தின் ஜனாதிபதியானார்.

இங்கே ஒரு லத்தீன் பள்ளிக்கூடமும் இருந்தது. மார்ட்டின் லூதரின் சீடரும், அவர் வரலாற்றை எழுதியவருமான மத்தேஸியஸ் அதன் தலைமை ஆசிரியராயிருந்து, பிறகு ஊரின் பாதிரியாரானார். அவரோடு பணிபுரிந்த நிக்கோலாஸ் ஹெர்மன் என்னும் பாட்டு வாத்தியார், பள்ளிப் பிள்ளைகள் பாடுவதற்காகக் கீர்த்தனங்கள் எழுதினார். அவற்றில் ஒன்றிரண்டை ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்றைக்கும் பாடுகிறார்கள். பிரபுக்களின் பெயர்களைவிட ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியாரின் பாட்டு நீண்ட நாள் நின்றுவிட்டது என்பதில் எனக்கு உள்ளூரச் சிறிது சந்தோஷம் உண்டு.

ஆனால் வெள்ளி அகப்படுவது குறைந்துகொண்டே வந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வந்த மலிவான வெள்ளி விலையைக் கெடுத்தது. 1620-ல் பொஹீமியா தன் சுதந்திரத்தை இழந்தது. மறு வருஷம் பிராக் நகரச் சதுக்கத்தில் தலை துண்டிக்கப்பட்ட தலைவர்களுள் யோவாகிம் ஆண்ட்ரியாஸ் ஷ்லிக்கும் ஒருவர். ஊரை ஸ்தாபித்த குடும்பத்தவர். அதே புனிதரின் பெயரைத் தாங்கியவர். லூதரின் மார்க்கத்தைச் சேர்ந்த ஜனங்கள் மதம் மாற வேண்டும் அல்லது ஊரை விட்டுப் போக வேண்டும் என்று கட்டளை பிறந்தது. பெரும்பாலோர் மலையைத் தாண்டி ஸாக்ஸனிக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் ஏழைகளானார்கள். பின்னர் 1873-ல் பெரும் தீ ஒன்று மூண்டு ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிற்று.

இதற்கிடையில், சுரங்கத்துக்குள் கிடந்த ஒரு கறுப்புக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தார்போல் கறுத்து, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும் கல். வெள்ளி ரேகையைத் தொடர்ந்து வெட்டிக்கொண்டே போகும் தொழிலாளி இந்தக் கல்லைக் கண்டால் நெஞ்சு இடிந்துபோவான். அதோடு வெள்ளி முடிந்தது என்று பொருள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பெக்பிளெண்ட். ஜெர்மன் பாஷையில் பெக் என்பதற்குத் தார் என்றும் துரதிர்ஷ்டம் என்றும் இரண்டு அர்த்தங்கள் உண்டு. துரதிர்ஷ்டக் கல் என்று சபித்து வெளியே எறிந்தார்கள். 1789-ல் கிளாப்ரோத் என்னும் ஜெர்மன் ரஸாயன சாஸ்திரி இம்மாதிரிக் கல்லில் ஒரு புதிய மூலப்பொருள் இருப்பதைக் கண்டு யுரேனியம் என்று பெயரிட்டார். அதனால் ஊருக்குக் கிடைத்த பிரயோஜனம் வெகு சொற்பம். கண்ணாடிப் பாத்திரங்களுக்கும் பீங்கானுக்கும் மஞ்சளும் பச்சையுமாக நிறம் ஏற்றும் சாயம் செய்யப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது. சாயம் எடுத்தபின் மிஞ்சிய சக்கையைப் பைன் மரக் காட்டில் கொட்டினார்கள்.

அந்தச் சக்கைதான் 1898-க்குப் பின் பாரிஸ் நகரத்துக்குப் போயிற்று. மேரி க்யூரியும் அவர் கணவர் பியேரும், பெக்பிளெண்டில் யுரேனியத்தைவிட எத்தனையோ மடங்கு கதிர் வீசும் பொருள் ஒன்று மறைந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார்கள். கல்லை விலை கொடுத்து வாங்க அவர்களிடம் பணமில்லை. காட்டில் கிடக்கும் சக்கை போதுமே என்று கேட்டார்கள். வியன்னாவிலிருந்த விஞ்ஞானிகளின் சிபாரிசின் பேரில் ஆஸ்திரிய சர்க்கார் முதலில் ஒரு டன் கொடுத்தது. மூட்டைகளை அவிழ்த்தபோது பழுப்பு நிறப் புழுதியும், அதோடு கலந்த பைன் மர ஊசியிலைகளும் இருந்தனவாம். மேலும் பல டன்கள் வரவழைத்து, ஒழுகும் கொட்டகையில் கொப்பரையும் துடுப்புமாக நாலு வருஷம் காய்ச்சி வடித்து, 1902-ல் அந்த அம்மையார் பிரித்தெடுத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் உப்பு. அப்போதுதான் ஆஸ்திரிய சர்க்கார் விழித்துக்கொண்டு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 1921-ல் அமெரிக்கப் பெண்கள் சந்தா வசூலித்து மேரி க்யூரிக்கு ஒரு கிராம் ரேடியம் பரிசளித்தபோது அதன் விலை ஒரு லக்ஷம் டாலர். அந்தக் கிராம் அமெரிக்காவில் கிடைத்த தாதுவிலிருந்து வந்தது. ஆனால் விலையைச் சொன்ன சொல்லும், ரேடியத்தை உலகுக்கு முதலில் காட்டிய கல்லும் ஒரே பள்ளத்தாக்கில் தோன்றியவை. 1925-ல் மேரி க்யூரி அங்கே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சுரங்கத்தில் ஊறும் தண்ணீரும் கதிர் வீசுகிறது என்று தெரிந்தவுடன் ஊருக்குப் புது வாழ்வு வந்தது. 1906-ல் ஒரு ரொட்டிக்காரர் வீட்டில் முதல் நீராட்டு அறையை ஏற்படுத்தினார்கள். தண்ணீரைச் சுரங்கத்திலிருந்து பீப்பாய்களில் சுமந்து வந்தார்கள். 1912-ல் ரேடியம் பாலஸ் என்ற பெயரில் அரண்மனை போன்ற ஹோட்டல் எழுந்தது. மூட்டுவாதக்காரர்கள் பல தேசங்களிலிருந்தும் வந்தனர்.

மேலே வந்தவர்கள் குணமடைந்தார்கள் என்றால், கீழே இறங்கியவர்கள் என்ன ஆனார்கள்? இந்த மலைத் தொழிலாளர்களுக்கு ஒரு நோய் உண்டு. மலைநோய் என்றே அதற்குப் பெயர். நாற்பது வயதில் இருமல், பிறகு மூச்சுத் திணறல், பிறகு மரணம். அக்ரிகோலா காலத்திலிருந்தே வைத்தியர்கள் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். சுரங்கத் தூசியின் வேலை என்றும், பரம்பரை நோய் என்றும் பலவாறு சொன்னார்கள். 1879-ல் ஸாக்ஸனிப் பக்கத்து டாக்டர்கள் இருவர் பிரேதப் பரிசோதனை செய்து, இது நுரையீரலில் வரும் புற்று என்று காட்டினார்கள். 1932-ல் யாகிமோவ் தொழிலாளரிடமும் அதே புற்று காணப்பட்டது வெளியாயிற்று. ரேடியம் சிதையும்போது ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. அந்த வாயு சிதைந்து உண்டாகும் நுண்ணிய துகள்கள் சுவாசத்தோடு போய் நுரையீரலில் தங்கிக் கதிர் வீசுகின்றன. ரேடானைக் கரைத்துவைத்திருக்கும் தண்ணீர் மேலே ஸ்நானத் தொட்டிக்குப் போயிற்று. அதே ரேடான் நிறைந்த காற்றைக் கீழே இருந்தவர்கள் நானூறு வருஷமாகச் சுவாசித்து வந்தார்கள்.

இனிமேல் வரும் பகுதி வருத்தத்துக்குரியது. 1918-ல் செக்கோஸ்லோவாகியா சுதந்திர நாடாயிற்று. ஆனால் எல்லைப்புறத்து ஊர்களைப்போல் இங்கும் பெரும்பான்மையோர் ஜெர்மன் பாஷை பேசுபவர்கள். 1938-ல் ம்யூனிக் நகரத்தில், செக் ஜனங்களை அழைக்காமலே நாலு வல்லரசுகள் கூடி, இந்த எல்லைப் பிரதேசத்தை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்தன. மறு வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஐன்ஸ்டைன் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய பிரசித்தமான கடிதத்தில் இந்தச் சுரங்கங்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அங்கிருந்து யுரேனியம் விற்பதை ஜெர்மனி நிறுத்திவிட்டதாகத் தெரிகிறது என்று அவர் எச்சரித்தார். துரதிர்ஷ்டக் கல்லின் பெயர் அணுகுண்டின் ஜாதகத்தில் அப்படி இடம் பெற்றது.

யுத்தம் முடிந்ததும் ஜெர்மானியர் முறை வந்தது. நாட்டின் பல பாகங்களிலுமாக முப்பது லக்ஷம் பேர் வரையில் வெளியேற்றப்பட்டார்கள்; யாகிமோவின் குடும்பங்களும் கையில் கொண்டுபோகக்கூடிய மூட்டையோடு எல்லையைத் தாண்டின. ஹிட்லரின் கொடுமையை அனுபவித்த ஒரு ஜாதியின் கோபத்தை நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் நானூறு வருஷம் சுரங்கத்தில் மாண்டவர்களின் சந்ததியார் ஒரு சில மாதங்களில் அந்தத் தெருவில் இல்லாமற் போனார்கள் என்பதும் உண்மை. காலியான வீடுகளில் புதியவர்கள் குடியேறினார்கள். கல்லறைத் தோட்டத்துப் பெயர்களுக்கும் வீட்டு வாயில் பெயர்களுக்கும் சம்பந்தம் அற்றுப்போயிற்று.

1945 நவம்பரில், பொதுஜனங்களுக்குத் தெரியாமல், யுரேனியத்தை ஸோவியத் ரஷ்யாவுக்குக் கொடுக்க ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. வெட்டுவதற்கு ஆள் வேண்டும். முதலில் ஜெர்மன் யுத்தக் கைதிகள். 1948-ல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின், 1949 முதல், சொந்த நாட்டு அரசியல் கைதிகள். பாதிரியார்களும், விவசாயிகளும், மாணவர்களும், ஹிட்லரை எதிர்த்துப் போராடிய போர்வீரர்களுமே அங்கே கொண்டுபோகப்பட்டனர். முள்வேலி முகாம்களின் பெயர்களைக் கேளுங்கள்: ஸ்வோர்னோஸ்த், அதாவது ஒற்றுமை, ரோவ்னோஸ்த், அதாவது சமத்துவம், பிராட்ர்ஸ்த்வி, அதாவது சகோதரத்துவம். சுரங்கங்களின் பெயரே முகாம்களின் பெயர். ஒற்றுமை முகாமிலிருந்து சுரங்க வாய்க்கு, இருபுறமும் முள்கம்பி கட்டிய நீண்ட செங்குத்தான படிக்கட்டில் கைதிகள் பனியிலும் மழையிலும் ஏறி இறங்கினார்கள். சில முகாம்களில் அவர்களை ஐந்தைந்து பேராக நெருக்கி நிறுத்தி, கூட்டம் முழுவதையும் ஒரே கம்பிக் கயிற்றால் கட்டி நடத்திச் செல்வார்களாம். ரஷ்ய பஸ் என்று கைதிகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்து ஊரான ஆஸ்த்ரோவின் அருகே ஏழு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. தாதுவை நொறுக்கிப் பீப்பாய்களில் அடைத்த இடம். யுரேனியத் தூசியில் முகமூடியின்றி வேலை செய்தவர்கள் அதை மரண கோபுரம் என்று அழைத்தார்கள்.

போஹுமில் மோத்ரி என்பவரை ஒருவர்தான் நினைவிருக்கும். பனித்தரை ஹாக்கி விளையாட்டில் செக்கோஸ்லோவாகியா 1947-லும் 1949-லும் உலகக் கோப்பை பெற்றபோது கோல் காத்தவர். 1950-ல், வெளிநாட்டுக்கு ஓடிப்போகச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டி, அணியின் பலரோடு அவரையும் கைது செய்தார்கள். தண்டனை பதினைந்து வருஷம். யுரேனியச் சுரங்கத்தில் வேலை செய்து, 1955-ல் விடுதலை பெற்று, உடல் நலிந்து, 1963-ல் நாற்பத்தாறாவது வயதில் மரித்தார். முந்நூறு வருஷத்துக்கு முன் அந்த மலையில் வெள்ளி வெட்டியவனுக்கு விதித்திருந்த வயதும் ஏறக்குறைய அதுவே.

1960-களின் தொடக்கத்தில் முகாம்கள் மூடப்பட்டன. 1964-ல் யுரேனியம் வெட்டுவதும் நின்றது. 2019-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் தாதுமலைச் சுரங்கப் பிரதேசத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது யாகிமோவையும், மரண கோபுரத்தையும் சேர்த்தே ஏற்றது. பழைய நாணயச் சாலை இப்போது காட்சிச்சாலை. லத்தீன் பள்ளிக்கூடத்தின் புத்தகங்களில் ஒரு பகுதி 1873-ம் வருஷத்துத் தீயிலும் தப்பி ஊரிலேயே பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

மற்றச் சுரங்கங்களெல்லாம் அடைந்துபோனபின்னும் ஒன்று மட்டும் வேலை செய்கிறது; ஒற்றுமைச் சுரங்கம்தான் அது. ஊர் பிறந்த காலத்தில் வெட்டத் தொடங்கியது. ஐரோப்பாவில் இன்னும் நடந்துவரும் மிகப் பழைய சுரங்கங்களில் ஒன்று. இப்போது அங்கே யாரும் எதையும் வெட்டுவதில்லை. ஏறக்குறைய 500 மீட்டர் ஆழத்திலிருந்து வெந்நீர் ஊற்றைக் குழாய் வழியே மேலே ஏற்றுகிறார்கள். ரேடானின் வீரியம் நாலு நாளில் பாதியாகிவிடும். ஆகையால் தண்ணீரைச் சேமித்து வைக்க முடியாது. அன்றன்று எடுத்ததை அன்றன்றே பயன்படுத்த வேண்டும். குழாயையும் பம்பையும் கவனித்துக்கொள்ளச் சிலர் இன்றும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறி இறங்குகிறார்கள். மேலே, மூட்டுவலிக்காரர்கள் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் இருபது நிமிஷம் அசையாமல் படுத்திருக்கிறார்கள்.